இயக்கக் கிலோமீட்டர்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் என் மருமகளும் நலமா? முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார் என்று போன தடவையே எழுதியிருந்தேன். பார்த்ததாக நீ எழுதவில்லை. அப்படியென்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் பேருந்து ஒழுங்குமுறை ஆணையத்தில் புது விதிகள் தயாராகின்றன என்று சொல்லியிருந்தேனே, போன வாரம் அவை நிறைவேறிவிட்டன. அதில் சொற்பொருள் அத்தியாயம் முழுக்க நான் எழுதியது. மானியம் என்றால் என்ன, வழித்தட அனுமதி என்றால் என்ன, சேவைக் கடமை என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம். வெளியிலிருந்து பார்த்தால் அகராதி வேலை மாதிரி இருக்கும். ஆனால் அடிதடி எல்லாம் அந்தப் பக்கங்களில்தான் நடந்தது.

இதுவரை நீ பஸ் ஓட்டும் கம்பெனிக்கு டிக்கெட் வருமானம்தான் கதி. ஆள் நிறையாத தடத்தை ஓசைப்படாமல் மூடிவிடுவார்கள். இனிமேல் வண்டி ஓடிய தூரத்துக்கு அரசு பணம் தரும். அதற்கு 'இயக்கக் கிலோமீட்டர்' என்று பெயர். பேருந்து நிறைந்து போனாலும் ஒரே ஒருவர் உட்கார்ந்து போனாலும் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. உன் சலவைக்கூடத் தடத்தை மூடப்போகிறார்கள் என்று புலம்பினாயே, அதில் இனி யாரும் கை வைக்க மாட்டார்கள்.

அண்ணியிடம் சொல். அவளாவது என்னைப் பாராட்டுவாள்.

உன் தங்கை


பிப்ரவரி 21

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். முழங்காலும் சுகம்தான். அது தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு ஓட்டுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் அண்ணி கேட்கிறாள். போனில் நீ குறுக்கு விசாரணை செய்வாய். காகிதத்தில் என்றால் நான் நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

உன் விதிகள் வந்து இறங்கிவிட்டன. டிப்போ மேனேஜர் எங்களை வரிசையில் நிற்கவைத்துப் படித்துக் காட்டினார். என் தங்கச்சி எழுதியது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் மறுநாளே ஆளுக்கொரு மனுவோடு வீட்டு வாசலில் நிற்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

நிறுத்தி வைத்திருந்த காலை ட்ரிப்பை மறுபடியும் விட்டாயிற்று. ஊருக்கு வெளியே இருக்கிற அந்தச் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துணியும் ஹோட்டல் துணியும் மலைமலையாக வரும். இரவு முழுக்க வெளுத்துத் தேய்த்துவிட்டு, விடியும்போது பெண்கள் வெளியே வருவார்கள். அதில் ஒருத்தி இஸ்திரிப் பகுதிக்காரி. மற்றவர்கள் எல்லாரும் ஏறும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நிற்பாள். பிறகுதான் காலை வைப்பாள். வண்டி மறுபடி வந்த அன்று ஏறியதும் என் சீட்டுக்குப் பின்னால் வந்து, "இனிமே தினம் வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு சந்தேகம். வண்டி ஓடினாலே பணம் என்கிறாயே, வெறுமனே ஓடினால் போதுமா? சும்மா கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

சும்மா கேட்கிற ஆள் நீ இல்லை. இருந்தாலும் பதில் சொல்கிறேன். 'அனுமதிக்கப்பட்ட தடத்தில், கால அட்டவணைப்படி, பேருந்து கடந்த தூரம்.' இதுதான் விளக்கம், இவ்வளவுதான். இதற்குள் பயணிகளின் எண்ணிக்கையைச் சேர்க்கச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். நான் விடவில்லை. எண்ணிக்கையைச் சேர்த்தால் கூட்டம் இருக்கிற பக்கமே வண்டி போகும், பழைய கதைதான். எங்கள் தலைவர் படித்துவிட்டு, இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை இந்தக் கட்டடத்தில் பார்த்ததில்லை என்றார்.

வண்டியில் பொருத்தியிருக்கும் கருவி தூரத்தை அளந்து எங்களுக்கு அனுப்பிவிடும். யாரும் ஏமாற்ற முடியாது. நீ நிம்மதியாக ஓட்டு.

எதற்குக் கேட்டாய்?

உன் தங்கை


ஏப்ரல் 22

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அனைவரும் சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை கொஞ்சம் அதிகம்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே ஷிப்டுக்குள் இன்னொரு சுற்றையும் சேர்த்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். வண்டி பறக்க வேண்டியிருக்கிறது. ஸ்டாப்பில் நின்று ஆளை ஏற்றி இறக்கினால் கடைசிச் சுற்று விட்டுப்போகும். சுற்று விட்டுப்போனால் அன்றைய கூலியில் கை வைப்பார்கள். மேனேஜர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "நின்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஓடினாத்தான் நம்ம பொழப்பு."

அதனால் இறங்குகிறவர் இருந்தால் நிறுத்துகிறோம். ஏறுவதற்கு மட்டும் என்றால் சில இடங்களில் தாண்டிவிடுகிறோம். போன வாரம் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தார். நல்ல ஓட்டம், பந்தயத்தில் விட்டிருக்கலாம். இதைவிடப் பெரிய வேடிக்கை, சந்தை ஸ்டாப்பில் இரண்டு கையிலும் பையோடு நின்று ஒரு பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தாண்டிப் போனபிறகுதான் அது உன் அண்ணி என்று உறைத்தது. வீட்டில் இப்போது மௌன விரதம் நடக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் மகள்தான் தூது போகிறாள்.

இதையெல்லாம் புகாராக எடுத்துக்கொள்ளாதே. பொழுதுபோகாமல் எழுதினேன்.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எந்தெந்த ஸ்டாப்பில் நிறுத்துவதில்லை? யார் சொல்லி? எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா? வாய்வார்த்தை என்றால் ஆணையத்தால் எதுவும் செய்ய முடியாது. நீயே ஒரு புகார் எழுதி அனுப்பு. பெயர் போட வேண்டாம் என்றால் போடாதே.

விதியில் ஓட்டை இல்லை. பேருந்து என்றால் நின்று போவதுதான் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் வேண்டுமென்றே தப்பாக வாசிக்கிறார்கள்.

நீயாவது நிறுத்து அண்ணா. கூலி போனால் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். முழங்கால்?

உன் தங்கை


ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். புகார் எழுத நேரம் கிடைக்கவில்லை.

போன வாரம் வண்டி ஒரு கம்பத்தில் லேசாக இடித்து முன் கண்ணாடி போய்விட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. சில நாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன் அண்ணி பேச ஆரம்பித்துவிட்டாள். நீ கிளம்பி வரவேண்டாம், அவசியம் இல்லை.

அண்ணன்


ஜூலை 4

அன்புத் தங்கைக்கு,

நலமா? உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடனே பதில் போடுகிறவள் நீ. எனவே எங்கேயோ கேள்விப்பட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அடுத்தவர் சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

மழை இல்லை, பனி இல்லை. நன்றாக விடிந்திருந்தது. சலவைக்கூட ஸ்டாப்பில் அந்தப் பெண்கள் நின்றார்கள். சில வாரங்களாகவே அவர்களை ஏற்றாமல்தான் போய்க்கொண்டிருந்தேன். இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவர்கள், ஊர்வரைக்கும் நடந்தார்கள். ஒரு நாள் அவர்களை வழியில் தாண்டிப் போனேன். யாரும் கை காட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று அவர்கள் ஓரத்தில் நிற்கவில்லை. கைகோத்துக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே நின்றார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஹாரன் அடித்தேன். விலகிவிடுவார்கள் என்று நினைத்தேன். பிரேக் பிடிக்கவில்லை என்று இங்கே சிலர் பேசிக்கொள்கிறார்கள். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பிடிக்கவில்லை. பிடித்தபோது காலம் கடந்துவிட்டது. ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினேன். எல்லாரும் சிதறி ஓடினார்கள். இஸ்திரிக்காரி, பக்கத்தில் நின்றவளைத் தள்ளிவிட்டாள். தான் விலக அவளுக்கு நேரமில்லை. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது.

இறங்கி ஓடினேன். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "நிறுத்துவீங்கன்னு நினைச்சோம்" என்றாள். குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை.

காலை எடுக்கவில்லை. ஆனால் பழையபடி நடக்க மாட்டாள் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு தடவை போனேன். உள்ளே போகவில்லை.

திட்டுவதானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணன்


ஜூலை 27

அன்புத் தங்கைக்கு,

இன்னும் பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று உன் அண்ணி பயப்படுகிறாள். நீ எடுக்காததற்கு உடம்பு காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆணையம் விசாரணை வைத்திருக்கிறது. அடுத்த மாதம் நான் சாட்சி சொல்ல வேண்டும். நேற்று மேனேஜர் வீட்டுக்கே வந்தார். செருப்பை வாசலில் விட்டு, காபி வாங்கிக் குடித்து, மகளின் படிப்பை விசாரித்து, பிறகு விஷயத்துக்கு வந்தார். பிரேக் போய்விட்டது என்று நான் சொல்ல வேண்டும். பொம்பளைகள் திடீரென்று முன்னால் வந்து விழுந்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் வேலை இருக்கும். மாற்றிச் சொன்னால் கம்பெனியின் அனுமதி போகும், டிப்போவில் இருக்கிற அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள், அதற்கு நான்தான் காரணம் என்பார்கள். போகும்போது தோளில் கை போட்டு, "நல்லா யோசிங்க, குடும்பஸ்தர் நீங்க" என்றார்.

உன் அண்ணி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன். இதுவரை உன்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 5

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் ஜூலையில் அனுப்பிய இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. அவை குறித்து விதிப்படி செய்ய வேண்டியது செய்யப்பட்டுள்ளது. விசாரணை முடியும் வரை தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம். தொலைபேசியிலும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சட்ட அலுவலர்


ஆகஸ்ட் 30

சட்ட அலுவலர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். விசாரணையில் என் பங்கு முடிந்துவிட்டது, எனவே எழுதுகிறேன்.

விசாரணைக் கூடத்துக்குள் வந்ததும் முதலில் உங்களைத்தான் தேடினேன். சட்ட அலுவலர் என்று பலகை வைத்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். என் முகத்தைப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிரேக் போய்விட்டது என்று சொல்லத் தீர்மானித்துத்தான் வந்திருந்தேன். இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேட்ட இடத்திலிருந்து பதில் வரவில்லை, வேறு என்ன செய்வேன்? ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார்கள். நான் என் தங்கைக்கு எழுதியது. ஹாரன் அடித்தது, பிரேக் பிடிக்காதது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, எல்லாம். அந்த அறையில் மேனேஜர் இருந்தார். என்னோடு வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். உன் அண்ணி இருந்தாள். இரண்டாவது வரிசையில் காலை நீட்டிக்கொண்டு அந்த இஸ்திரிக்காரி இருந்தாள்.

"இது உங்க கையெழுத்தா?" என்று தலைவர் கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு பொய்யைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை நீங்கள்.

வெளியே வந்ததும் டிப்போ ஆட்கள் யாரும் பக்கத்தில் வரவில்லை. திரும்பி வரும்போது உன் அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கூடப் பிறந்தவதானே அவ?"

நலம் விசாரிக்க மனம் இல்லை.


செப்டம்பர் 24

அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மருமகளுக்கு என் அன்பு. அண்ணிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நேற்று தீர்ப்பாணை வந்துவிட்டது. இனி எழுதலாம்.

விபத்து அறிக்கை என் மேஜைக்கு வந்த அன்றே, ஓட்டியவர் என் அண்ணன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். அந்த நிமிடமே கோப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கில் சம்பந்தப்பட்டவரோடு அலுவலர் தனியாகத் தொடர்பு வைத்துக்கொள்வதற்கு 'ஒருதரப்புத் தொடர்பு' என்று பெயர். அது கூடாது. மீறி ஏதாவது வந்தால் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். அந்த விளக்கத்தை எழுதியதும் நான்தான்.

ஜூலையில் நீ எழுதிய முதல் கடிதத்தை வாசலிலேயே நின்று பிரித்துவிட்டேன். கிழித்துப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதற்குள் கம்பெனியின் பதில் வந்திருந்தது. பிரேக் பழுது, பெண்கள் சாலையில் பாய்ந்தார்கள், தவறு அவர்களுடையது என்று. நீயும் அதையே சொல்லிவிட்டால் அந்தப் பெண் தன் காலைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்று ஆணையில் பதிவாகும். உனக்கும் அவளுக்கும் நடுவில் நான் அவள் பக்கம் போனேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன்.

என் நாற்காலியில் நான் இல்லாதது பயத்தால் அல்ல. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். நீ போனபிறகு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நானே கேட்டுக்கொண்டதுதான். என் விளக்கத்தை என்னையே வாசிக்கச் சொன்னார் கம்பெனி வக்கீல்.

"இதுல நிறுத்தம்ங்கிற சொல் எங்கயாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்போ எங்க கட்சிக்காரர் நிக்காம போனதுல எந்த விதியை மீறினார்?"

"எதையும் மீறல. விதியே தப்பு. எழுதினது நான்."

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. திருத்தம் கேட்டு அன்றே எழுதியிருக்கலாம். எழுதினால் பிழை என்னுடையது என்றாகிவிடும். எனவே உன்னைப் புகார் எழுதச் சொன்னேன். நீ எழுதுவாய் என்று காத்திருந்த வாரங்களில்தான் அவள் கால் நசுங்கியது. இதையும் சாட்சியத்தில் சொன்னேன்.

உன் 'ஆமாம்'க்குப் பிறகு வந்த டிரைவர்கள் எல்லாரும் கூடுதல் சுற்றைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டார்கள். ஓய்வில்லாமல் ஓட்டவைத்ததற்காகக் கம்பெனியின் அனுமதி ரத்து. அவளுக்கு இழப்பீடு உண்டு. உன் லைசென்ஸ் ஒரு வருடம் நிறுத்திவைப்பு. இனி எல்லா நிறுத்தத்திலும் நின்றால்தான் அது இயக்கக் கிலோமீட்டர். எனக்கும் இடமாற்றம். இனி விதி எழுதும் வேலை கிடையாது, புகார் வாங்கும் மேஜை.

உன் இரண்டாவது கடிதத்தைப் பிரிக்காமல் ஒப்படைத்திருந்தேன். நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். நீ செய்து முடித்தபிறகுதான் அந்தக் கேள்வியைப் படித்தேன்.

தங்கை


டிசம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? புகார் மேஜையில் வேலை கடுமையா?

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் தேடிப் பார்த்தேன். கோபம்தான். வேறு இல்லை. நீ செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிவதால் கோபம் போய்விடுவதில்லை. இப்போதும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

உங்கள் ஆணை வந்தபிறகு இங்கே பல வாரம் பஸ்ஸே கிடையாது. நியாயம் கிடைத்தது, வண்டி கிடைக்கவில்லை. மொத்த ஊரும் நடந்தது. டிப்போக்காரர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போனார்கள். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, "உண்மை பேசி எல்லாரையும் நடக்க விட்டுட்ட" என்றார். டயர் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சலவைக்கூடத்தையும் தாண்டிப் போக வேண்டும். நானும் நடந்தேன்.

போன மாதக் கடைசியில் இடைக்கால அனுமதியில் வேறொரு கம்பெனி வந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேரை எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் இன்னும் அலைகிறார்கள்.

நேற்று காலை டயர் கடையில் ராத்திரிக் காவல் முடித்துவிட்டு வீட்டுக்கு வர அந்த வண்டியில் ஏறினேன். சலவைக்கூட ஸ்டாப்பில் நின்றது. பெண்கள் ஏறினார்கள். அவள் ஊன்றுகோலோடு கடைசியில் ஏறினாள். என் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. எழுந்துவிடலாமா, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் வந்து நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, அதில் சந்தேகம் இல்லை.

"கொஞ்சம் நகருங்க" என்றாள்.

ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். உட்கார்ந்தாள். சந்தை வரும்வரை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காக மனதில் எழுதிவைத்திருந்தேன். சந்தையில் இறங்க எழுந்தவளுக்கு ஒரு கை ஊன்றுகோலுக்கும் ஒரு கை கம்பிக்கும் வேண்டியிருந்தது. பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வந்து கை நீட்டினாள். கொடுத்தேன். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மெதுவாகத்தான் நடக்கிறாள். அவள் ரோட்டைத் தாண்டும்வரை டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "இதை அவளுக்கு எழுதுங்க" என்றாள்.

லீவு கிடைத்தால் வா. பஸ் இருக்கிறது.

உன் அண்ணன்